ஆர்க்னி: நான்கு நாளில் ஐயாயிரம் ஆண்டு

ஸ்காட்லாந்தின் வடகோடியில் நின்று கடலைப் பார்த்தால் ஆர்க்னி தீவுகள் கண்ணுக்கே தெரியும். நடுவில் ஓடுவது பென்ட்லண்ட் நீரிணை. அகலம் அதிகமில்லை; நீரோட்டத்தின் வேகம்தான் அதிகம். மொத்தம் ஏறத்தாழ 70 தீவுகள். மனிதர்கள் வசிப்பவை 20 அளவில், மக்கள்தொகை 22,000 அளவில். இவ்வளவு சிறிய இடத்துக்குள் கற்காலக் குடியிருப்பும், வைக்கிங்குகள் செதுக்கிய எழுத்தும், 12-ஆம் நூற்றாண்டுப் பேராலயமும், இரண்டு உலகப் போர்களின் மிச்சங்களும் அருகருகே கிடைக்கின்றன.

அதனாலேயே முதல்முறை வருபவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிறார்கள். காலையில் நான்கு இடம், மாலையில் நான்கு இடம் என்று ஓடுகிறார்கள். ஊர் திரும்பும்போது எந்தக் கல்லை எங்கே பார்த்தோம் என்பதே குழம்பிவிடுகிறது. இடங்களைக் குறைத்து, ஒவ்வொன்றிலும் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள் என்றுதான் நான் வற்புறுத்துவேன். அன்றன்றைக்கு எங்கே போவது என்பதை ஓதமும் (கடல் ஏறி வற்றுவது) காற்றும் தீர்மானிக்கட்டும். கீழே உள்ள நான்கு நாள் திட்டம் அந்த எண்ணத்தில் போட்டதுதான்.

எப்போது போவது

மே முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூன் நடுவில் பகல் 18 மணி நேரத்துக்கும் மேல் நீளும். இரவு பத்து மணிக்குக்கூட வெளிச்சத்தில் கல்வட்டத்தைச் சுற்றி வரலாம். டிசம்பரில் பகல் ஆறு மணி நேரம்தான், சில இடங்கள் மூடியும் இருக்கும். கோடையிலும் பகல் வெப்பம் சராசரியாக 15, 16 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். காற்று ஓயவே ஓயாது. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தலைமூடி வைத்த மழைக்கோட்டு, நனையாத காலணி, ஒரு கம்பளிச் சட்டை, இவை மூன்றும் ஜூலையிலும் தேவைப்படும்.

போய்ச் சேரும் வழி

பிரிட்டனுக்கான சுற்றுலா விசா இருந்தால் போதும். ஸ்காட்லாந்துக்கோ இந்தத் தீவுகளுக்கோ தனி அனுமதி கிடையாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இந்த விசா அவசியம். மலேசிய, சிங்கப்பூர்க் குடிமக்கள் விசாவுக்குப் பதிலாக மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்தீன், இன்வர்னஸ் நகரங்களிலிருந்து தலைநகரான கிர்க்வாலுக்குச் சிறு விமானங்கள் பறக்கின்றன. நேரம் இருந்தால் நான் கப்பலையே சொல்வேன். லண்டனிலிருந்து இன்வர்னஸுக்கு இரவு ரயில், அங்கிருந்து தர்சோவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர ரயில், பக்கத்திலிருக்கும் ஸ்க்ராப்ஸ்டர் துறைமுகத்திலிருந்து ஸ்ட்ராம்னஸுக்கு ஒன்றரை மணி நேரக் கப்பல். போகும்போது கப்பலின் வலப்பக்க மேல்தளத்தில் இடம் பிடியுங்கள். ஹோய் தீவின் செங்குத்துப் பாறைகளும், கடலிலிருந்து 137 மீட்டர் உயரத்துக்குத் தனித்து எழும் 'ஹோய் கிழவன்' என்ற பாறைத் தூணும் அந்தப் பக்கம்தான். கடல் கொந்தளிக்கும் நாட்களில் கப்பல் வேறு வழியாகத் திரும்பிவிடும். அப்போது கிழவனைப் பார்க்க முடியாது.

வடஸ்காட்லாந்திலிருந்து ஒரே நாளில் ஆர்க்னியைச் சுற்றிக்காட்டித் திருப்பி அனுப்பும் பஸ் பயணங்களும் உண்டு. பாதி நாள் பஸ்ஸிலும் படகிலும் கழிந்துவிடும். தவிர்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் மேஸ்ஹோ டிக்கெட். இந்தக் கல்லறைக்குள் வழிகாட்டியுடன் மட்டுமே போக முடியும். ஒரு முறைக்குச் சிலரைத்தான் அனுமதிப்பார்கள். கோடையில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே இந்த டிக்கெட்டின் நேரத்தை உறுதிசெய்துகொண்டு, முதல் நாளின் மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளுங்கள். கற்காலக் குடியிருப்பான ஸ்காரா ப்ரேவுக்கும் நேரம் குறித்த டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிடலாம்.

இரண்டாவது, ஓத அட்டவணை. பிர்சே திட்டு என்ற சிறு தீவுக்குக் கடல் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். நீங்கள் தங்கும் நாட்களில் எந்தப் பகலில் கடல் வற்றுகிறது என்று பார்த்து அந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுற்றுலாக் கப்பல்களின் பட்டியல். கோடையில் பெருங்கப்பல்கள் கிர்க்வாலுக்கு வந்து ஒரே காலையில் ஆயிரக்கணக்கானவர்களை இறக்கிவிடும். எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வருகிறது என்பதைத் துறைமுக நிர்வாகம் முன்பே வெளியிடுகிறது. அந்த நாளை வெளித்தீவுப் பயணத்துக்கு ஒதுக்கினால் கூட்டத்தில் சிக்க மாட்டீர்கள்.

வாகனம் அடுத்தது. ஸ்ட்ராம்னஸிலிருந்து கிர்க்வால் வழியாகத் தெற்கே செல்லும் எக்ஸ்1 பஸ் நம்பகமானது, ஆனால் கற்கால இடங்கள் சிலவற்றுக்கு பஸ் அபூர்வம். வாடகைக் கார் எடுப்பது நல்லது. நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். சுற்றுலாப் பயணியாக வருபவர் தன் நாட்டு உரிமத்தைக் கொண்டே 12 மாதம் வரை பிரிட்டனில் ஓட்டலாம். கிளைச் சாலைகள் ஒரு வண்டி போகும் அகலமே இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிடுங்கள். வழிவிட்டவருக்குக் கை உயர்த்துவது அங்குள்ள மரியாதை. கார் ஓட்டாதவர்கள் முதல் நாளுக்காவது பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கல்லைப் பார்ப்பதும், அந்த மண்ணில் வளர்ந்தவர் சொல்லக் கேட்டுப் பார்ப்பதும் ஒன்றாகாது.

இன்னொரு விஷயம்: உள்ளூர்ப் பேச்சிலும் கால அட்டவணைகளிலும் 'மெயின்லண்ட்' என்று வந்தால் அது ஸ்காட்லாந்தைக் குறிக்காது. ஆர்க்னியின் பெரிய தீவுக்கு அதுதான் பெயர்.

முதல் நாள்: வாழ்ந்த வீடு, புதைத்த வீடு, கூடிய வெளி

மெயின்லண்டின் மேற்கில் உள்ள ஸ்காரா ப்ரே, மேஸ்ஹோ, ஸ்டென்னஸ் கற்கள், ப்ராட்கர் கல்வட்டம் ஆகிய நான்கையும் சேர்த்து 1999-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவற்றை இந்த வரிசையில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த மக்கள் எப்படிச் சமைத்தார்கள், எங்கே தூங்கினார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு அவர்களுடைய கல்லறைக்குள் நுழைந்தால், அது யாரோ ஒருவரின் கல்லறையாக இருக்காது.

காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே ஸ்காரா ப்ரே போய்விடுங்கள். 1850-இல் ஒரு பெரும்புயல் ஸ்கெய்ல் விரிகுடாவின் மணல்மேட்டைப் பிய்த்தெறிந்தபோது வெளிப்பட்ட ஊர் இது. 1924-இல் இன்னொரு புயல் ஒரு வீட்டின் ஒரு பகுதியை அடித்துச் சென்ற பிறகுதான் கடற்சுவர் கட்டும் வேலை தொடங்கியது. தொல்லியல் படித்தவர்களுக்கு நன்கு பழக்கமான கார்டன் சைல்ட் 1928 முதல் 1930 வரை இங்கே முறையாக அகழ்ந்தார். ஏறத்தாழ கி.மு. 3180 முதல் கி.மு. 2500 வரை இங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். கீசா பிரமிடுகளைவிடப் பழைய ஊர்.

வரவேற்பு மண்டபத்தை ஒட்டி ஒரு வீட்டை அப்படியே மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குள் முதலில் போய்வாருங்கள். அசல் வீடுகளை மேலிருந்துதான் பார்க்க முடியும், உள்ளே இறங்க அனுமதி இல்லை. பிறகு கடலோரப் பாதையில் நடந்தால் ஒவ்வொரு வீடும் காலடியில் திறந்து கிடக்கும். நடுவில் சதுர அடுப்பு. இருபுறமும் கல்லால் கட்டிய பெட்டிக் கட்டில்கள். தரையில், தண்ணீர் ஒழுகாதபடி களிமண் பூசி இறுக்கிய கல்தொட்டிகள். வாசலுக்கு நேர் எதிரே இரண்டு தட்டுள்ள கல் அலமாரி. நம் வீட்டுச் சமையலறைச் சுவரில் கடப்பைக்கல் பதித்து அலமாரி கட்டுவோமே, அதே அமைப்பு, அதே மெல்லிய பலகைக்கல். உள்ளே வருபவரின் கண்ணில் முதலில் படும் இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். வீட்டின் நல்ல பொருள்களை அங்கே அடுக்கியிருக்கலாம் என்று கருதப்படுகிறது.

ஆர்க்னியில் மரம் அரிது. ஆனால் அங்குள்ள மணற்கல் பலகை பலகையாகப் பிளக்கும். வேறு நாடுகளில் மரத்தால் செய்யப்பட்டு மக்கிப்போன கட்டிலும் அலமாரியும் இங்கே கல்லாக நின்றுவிட்டதற்குக் காரணம் அதுதான். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த நான்கு நாட்களும் விளங்கும். பேராலயத்தின் தரையாகட்டும், வயல் வேலியாகட்டும், எங்கும் கல்தான் மரத்தின் வேலையைச் செய்கிறது.

அடுத்து மேஸ்ஹோ. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புல்மேடு. ஸ்டென்னஸ் ஊரில் உள்ள வரவேற்பு நிலையத்திலிருந்து சிறு பஸ்ஸில் அழைத்துப் போவார்கள். உள்ளே போகும் வழி ஏறத்தாழ பத்து மீட்டர் நீளம். முதுகை வளைத்துக் குனிந்தே நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும், அடைத்த இடத்தில் மூச்சு முட்டுபவர்களும் இதை முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். வழி முடிந்து நிமிர்ந்தால், அடுக்கடுக்காக உள்நோக்கிச் சாயும் கற்களின் கீழே நிற்பீர்கள். ஏறத்தாழ கி.மு. 2800-ஐச் சேர்ந்த கட்டடம். கற்களுக்கு இடையே ஒரு கத்திமுனையை நுழைப்பதும் கடினம். ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய வாரங்களில், மறையும் சூரியனின் கதிர் அந்த நீண்ட வழியாக நுழைந்து பின்சுவரில் விழும்படி வாயிலை அமைத்திருக்கிறார்கள்.

நான்காயிரம் ஆண்டு கழித்து, 12-ஆம் நூற்றாண்டில், வைக்கிங்குகளின் வழிவந்த நார்ஸ் மக்கள் கூரையை உடைத்துக்கொண்டு இதற்குள் இறங்கினார்கள். சுவர்களில் ரூனிக் என்ற தங்கள் பழைய எழுத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வாசகங்களைச் செதுக்கிவிட்டுப் போனார்கள். ஜெருசலேம் போனவர்கள் இந்த மேட்டை உடைத்தார்கள் என்கிறது ஒன்று. பெண்களிலேயே பேரழகி இங்கிகெர்த் என்கிறது இன்னொன்று. மேற்குக் கடலிலேயே ரூன் எழுத்தில் தேர்ந்தவன் செதுக்கியது இது என்று ஒருவன் தன்னையே புகழ்ந்திருக்கிறான். வழிகாட்டி விளக்கை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடிக்கும்போதுதான் கீறல்கள் எழுந்து தெரியும். அப்போது, சிறிதாகச் செதுக்கப்பட்ட யாளி போன்ற விலங்கையும் காட்டச் சொல்லுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, அதனால் கண்ணால் நிதானமாகப் பாருங்கள்.

மாலையில் ஸ்டென்னஸ் கற்களும் ப்ராட்கரும். இரண்டுக்கும் டிக்கெட் இல்லை, கதவும் இல்லை. ஸ்டென்னஸில் சில கற்களே நிற்கின்றன, உயரமானவை ஆறு மீட்டரை எட்டும். அருகில் துளையிட்ட ஒரு குத்துக்கல் இருந்தது. காதலர்கள் துளைக்குள் கைகோத்து உறுதிமொழி சொல்லும் வழக்கம் இருந்ததால், 'ஓடின் கல்' என்று அதை மதித்தார்கள். ஆட்கள் தன் நிலத்தில் நடமாடுவது பொறுக்காமல் 1814-இல் அந்த நிலத்தின் குத்தகைக்காரர் அதை உடைத்துப்போட்டார். ஊரே கொதித்தெழுந்துதான் மீதிக் கற்களைக் காப்பாற்றியது.

ப்ராட்கர் வட்டத்தின் விட்டம் 104 மீட்டர். ஆதியில் 60 கற்கள் நின்றிருக்கலாம் என்பது கணிப்பு. சுற்றியுள்ள அகழியைப் பாறையையே வெட்டித் தோண்டியிருக்கிறார்கள், அதுவும் உலோகக் கருவி இல்லாத காலத்தில். தமிழ்நாட்டில் கல்வட்டம் பார்த்தவர்களுக்கு ஒப்பிடத் தோன்றும். நம்முடையவை பெரும்பாலும் இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள், இதைவிடக் காலத்தால் மிகப் பிந்தியவை. ப்ராட்கரின் உட்பகுதி இன்னும் முழுமையாக அகழப்படவில்லை. மண் தேய்வதால் உள்வட்டப் பாதையை அவ்வப்போது கயிறு கட்டி மூடுவார்கள்; கயிற்றைத் தாண்ட வேண்டாம். பக்கத்தில் நெஸ் ஆஃப் ப்ராட்கர் என்ற புகழ்பெற்ற அகழாய்வு நடந்துவந்தது. 2024 கோடையோடு அது முடிந்து குழிகளை மண்ணிட்டு மூடிவிட்டார்கள். பழைய பயணக் கட்டுரைகளை நம்பித் தேடிப் போகாதீர்கள்.

இரண்டாம் நாள்: கிர்க்வாலும் தெற்குப் பாலங்களும்

காலையில் செயின்ட் மேக்னஸ் பேராலயம். சிவப்பும் மஞ்சளுமான மணற்கற்களால் கட்டியது. 1137-இல் ரோக்ன்வால்ட் பிரபு தன் தாய்மாமன் மேக்னஸின் நினைவாகத் தொடங்கினார். எகில்சே தீவில் சமாதானம் பேச வந்த மேக்னஸை, பங்காளியான ஹாக்கன் கொல்லச் சொன்னான். கொடி பிடிப்பவன் மறுத்துவிடவே, சமையற்காரனை வெட்டவைத்தான் என்கிறது பழைய கதை. 1919-இல் பேராலயத்தின் தூண் ஒன்றுக்குள் எலும்புப் பெட்டி கிடைத்தது. மண்டையோட்டில் வெட்டுக்காயம் இருந்தது. அந்தத் தூண் எது என்று கேட்டால் உள்ளே இருப்பவர்கள் காட்டுவார்கள்.

ஆர்க்னி ஸ்காட்லாந்துக்கு வந்து சேர்ந்ததே ஒரு கல்யாணத்தால்தான். டென்மார்க்–நார்வே மன்னர் முதலாம் கிறிஸ்டியன் தன் மகள் மார்கரெட்டை ஸ்காட்லாந்தின் மூன்றாம் ஜேம்ஸுக்குக் கொடுத்தபோது, பேசிய சீர்ப்பணத்தைக் கட்ட முடியாமல் 1468-இல் இந்தத் தீவுகளை அடமானம் வைத்தார். அடமானம் மீட்கப்படவே இல்லை. 1472-இல் தீவுகள் ஸ்காட்லாந்தோடு சேர்ந்தன. அதே ஜேம்ஸ் 1486-இல் பேராலயத்தைக் கிர்க்வால் மக்களுக்கே எழுதிக்கொடுத்தார். இன்றும் அது திருச்சபையின் சொத்தாக இல்லாமல் ஊர்ச் சொத்தாகவே இருக்கிறது.

எதிரில் உள்ள அரண்மனை இடிபாடுகளுக்கு அரை மணி போதும். ஆர்க்னி அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு மதியம் தெற்கே கிளம்புங்கள்.

வழியில் வலப்பக்கம் விரியும் பெரும் நீர்ப்பரப்பு ஸ்காபா ஃப்ளோ. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியக் கடற்படையின் 74 கப்பல்களை இங்கே நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரியிடம் ஒப்படைக்க மனமில்லாத தளபதி ஃபான் ராய்ட்டர் 1919 ஜூன் 21 அன்று அவற்றை மூழ்கடிக்க உத்தரவிட்டார். 52 கப்பல்கள் மூழ்கின. பெரும்பாலானவற்றை இரும்புக்காகப் பின்னர் தூக்கிவிட்டார்கள், ஏழு பெரிய கப்பல்கள் இன்னும் அடியில் கிடக்கின்றன. அடுத்த போரில், 1939 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் யூ-47 நீர்மூழ்கி கிழக்குக் கால்வாய் வழியாக நுழைந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலைத் தாக்கியது. 800-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் கடலடிக் கல்லறையாகப் பாதுகாக்கப்படுகிறது. அந்த இடத்தில் மூழ்கிப் பார்க்கத் தடை உண்டு.

அந்தக் கிழக்கு வழிகளை அடைக்கத்தான் சர்ச்சில் தடுப்பணைகள் கட்டப்பட்டன. நீங்கள் காரோட்டிப் போகும் சாலையே அந்த அணைகளின் மீதுதான் போகிறது. கட்டியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இத்தாலியப் போர்க்கைதிகள். மூன்றாவது அணை அருகே, முன்பு வழியடைக்க மூழ்கடித்த பழங்கப்பல்களின் துருப்பிடித்த விலா எலும்புகள் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும்.

முதல் அணையைத் தாண்டியதும் லாம் ஹோம் தீவில் இத்தாலிய ஆலயம். ஆர்க்னியில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிற்க நேரம் இருந்தால் இங்கே நில்லுங்கள் என்று சொல்லுமளவுக்கு எனக்கு இந்த இடத்தின் மீது பற்று உண்டு. இரண்டு நிஸ்ஸன் கொட்டகைகளை, அதாவது அரைவட்டத் தகரக் கூரைகளை, முனையோடு முனை சேர்த்துக் கைதிகள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோயில் இது. தலைமை ஏற்றவர் டொமெனிகோ கியொகெட்டி என்ற ஓவியர். உள்ளே செங்கல் சுவரும் செதுக்கிய கல் தூண்களும் இருப்பதாகத்தான் முதலில் தெரியும். ஒரு கை தூரத்துக்குப் போய்ப் பாருங்கள்: எல்லாம் சமதளப் பலகையில் தூரிகையால் வரைந்தவை. ஒவ்வொரு செங்கலுக்கும் நிழல் தீட்டியிருக்கிறார். பீடத்தின் மேலுள்ள மாதா படத்தை, தன் தாய் கொடுத்த சிறு ஜெபப் படத்தைப் பார்த்து வரைந்தார். விளக்குகளை மாட்டிறைச்சி டின்களிலிருந்து செய்தார்கள். வெளியே நிற்கும் புனித ஜார்ஜ் சிலை, முள்கம்பியின் மீது சிமெண்ட் பூசியது. மற்றவர்களை ஊருக்கு அனுப்பியபோது, பாக்கி வேலையை முடிப்பதற்காகக் கியொகெட்டி பின்தங்கினார். 1960-இல் ஆர்க்னி மக்கள் அழைக்க, திரும்பி வந்து மங்கியிருந்த வண்ணங்களைத் தன் கையாலேயே சரிசெய்து கொடுத்தார்.

மூன்றாம் நாள்: ஓதம் சொல்லும் நேரத்தில் பிர்சே

கடல் வற்றும் உச்ச நேரத்துக்கு இரண்டு மணி முன்னும் இரண்டு மணி பின்னும்தான் பிர்சே திட்டுக்கு நடந்து போகும் பாதை வெளியே இருக்கும். ஸ்காட்லாந்தின் பழங்குடிகளான பிக்ட் இனத்தவரும், பின்னர் நார்ஸ் பிரபுக்களும் குடியிருந்த இடம். வீட்டு அடித்தளங்களும் ஒரு பழைய தேவாலயத்தின் மிச்சமும் உண்டு. பாதை பாசியால் வழுக்கும். திரும்ப வேண்டிய நேரத்துக்குக் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் அடுத்த வற்றம் வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

அருகில் பேரனி ஆலையில், 'பேர்' என்ற பழைய பார்லி வகையை நீர்ச்சக்கரத்தால் அரைக்கிறார்கள். அந்த மாவில் சுட்ட தடித்த ரொட்டியை வெண்ணெயும் ஆர்க்னிப் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சாப்பிடுங்கள். சைவம் மட்டும் உண்பவர்களுக்கு இது நல்ல துணை. கிர்க்வாலில் பெரிய சூப்பர்மார்க்கெட்டுகள் இருப்பதால், சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் அரிசி பருப்புக்குக் கவலையில்லை. வெளித்தீவுகளில் கடைகள் குறைவு, நேரமும் குறைவு; சாப்பாட்டைக் கட்டிக்கொண்டே போங்கள்.

தெற்கே மார்விக் பாறைமுனையில் ஒரு கோபுரம் தெரியும். 1902 முதல் 1909 வரை இந்தியப் படைத் தளபதியாக இருந்த கிச்சனர் பிரபு, 1916 ஜூன் 5 அன்று ஹாம்ப்ஷயர் கப்பலோடு மூழ்கியது இந்தக் கரைக்கு எதிரேதான்.

நான்காம் நாள்: ஒரு வெளித்தீவு

ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கார் இருப்பவர்களுக்கு ரௌசே எளிது: டிங்வால் துறையிலிருந்து அரை மணிக்குள் படகு. அங்கே மிட்ஹோ கல்லறை இருக்கிறது. பலகைக்கற்களால் தடுத்துத் தடுத்துப் பிரித்த நீண்ட அறை. அதன்மேல் ஒரு பெரிய கட்டடத்தையே கட்டி மூடிப் பாதுகாக்கிறார்கள். மேலே போட்டிருக்கும் நடைபாலத்தில் நின்று முழு நீளத்தையும் பார்க்கலாம். பக்கத்திலேயே கடலோரமாக இரும்புக் கால வட்டக்கோட்டை ஒன்று நிற்கிறது. சாலையிலிருந்து இறங்கும் பாதை சரிவானது, திரும்பி ஏற மூச்சு வாங்கும்.

காரில்லாதவர்களுக்கும், பழமையில் உண்மையான ஆர்வம் உள்ளவர்களுக்கும் பாப்பா வெஸ்ட்ரே. கிர்க்வாலிலிருந்து எட்டுப் பேர் ஏறும் சிறு விமானம் போகிறது. வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு உள்ள தூரம் 2.7 கிலோமீட்டர்; அட்டவணையில் இரண்டு நிமிடம். உலகிலேயே மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை அதுதான். இருக்கை குறைவாதலால் கோடைக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும். தீவின் மேற்குக் கரையில் உள்ள நாப் ஆஃப் ஹோவார், ஒட்டிக் கட்டிய இரண்டு கல்வீடுகள், ஏறத்தாழ கி.மு. 3700-ஐச் சேர்ந்தவை. வடமேற்கு ஐரோப்பாவில் இன்னும் நிற்கும் வீடுகளில் இவையே மிகப் பழையவை என்று கருதப்படுகிறது. ஸ்காரா ப்ரேவில் மேலிருந்து பார்த்ததை இங்கே உள்ளே இறங்கி நின்று பார்க்கலாம். வாசல் தாழ்வு, தலையைக் குனியுங்கள். சுவர்மேல் ஏறாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். போகும் வழியெல்லாம் மேய்ச்சல் நிலம், ஆகவே திறந்த கேட்டை மூடிவிட்டே நகருங்கள்.

காற்று பலமாக இருந்தால் படகும் விமானமும் ரத்தாகும். அதனால் ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் ஆர்க்னியை விட்டுக் கிளம்பும் நாளுக்கும் இடையே ஒரு முழு நாளாவது விட்டுவையுங்கள். இரண்டே நாள்தான் கிடைக்கும் என்றால் வெளித்தீவையும் பிர்சேயையும் தயங்காமல் விட்டுவிட்டு, முதல் இரண்டு நாள் திட்டத்தை அப்படியே பின்பற்றுங்கள். ஒரே நாள்தான் என்றால் ஸ்காரா ப்ரே, மேஸ்ஹோ, இத்தாலிய ஆலயம் மூன்றும் போதும். நான்காவதாக எதையும் சேர்க்க வேண்டாம்.